பிரௌ ஹென்னிங் பேசிய தமிழ்

நான் வேலை செய்த ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில், தாதியரின் அறை அலுமாரிக்குள் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. எந்த மதத்தவர், எந்த நாட்டவர் இறந்தால் என்னென்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். தமிழர்களுக்கான தாளின் கடைசி வரி இப்படிச் சொல்கிறதாம்: இறந்தவரின் நெற்றியில் கைவைத்து "போட்டு வாங்கோ" (போய்விட்டு வாருங்கள்) என்று சொல்லவும், அது தமிழர் வழக்கம்.

இப்போது அங்கே பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் டிலானி போன கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். ஸ்டுட்கார்ட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

"அங்கிள், இந்தத் தாள் நீங்கள் எழுதினதோ? நான் அம்மாட்டைக் கேட்டனான். செத்தவீட்டிலை ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை, சொல்லவும் கூடாது எண்டு அம்மா ஏசுறா."

"அம்மா சொல்லுறதுதான் சரி. அந்த வரியை வெட்டிவிடு பிள்ளை."

"அப்ப அது என்னெண்டு உள்ளை வந்தது?"

எழுதியவள் நல்ல மனமுள்ள ஒரு தாதி. காதால் கேட்டதை எழுதிவைத்தாள். அவள் காதில் அது விழக் காரணமானவன் நான். நான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து எங்கள் சபை ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "என் ஊழிய அனுபவங்கள்" என்று தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள். ஊழியத்தைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் என் பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். அதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

நான் ஜேர்மனிக்கு அகதியாக வந்தவன். முதலில் அதே ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவினேன். பிறகு நோயாளிகளைக் கட்டிலோடு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் வேலை கிடைத்தது. லிஃப்டுக்குள் இரண்டு நிமிடம் தனியாக அகப்படும் நோயாளிகள் டாக்டரிடம் சொல்லாததையெல்லாம் கட்டில் தள்ளுகிறவனிடம் சொல்வார்கள். ஒருநாள் ஒரு வயதான ஜேர்மன்காரர் என் கையைப் பிடித்து, உனக்கு ஜெபம் செய்யத் தெரியுமா என்று கேட்டார். லிஃப்டை நிறுத்திவைத்து அங்கேயே ஜெபித்தேன். லிஃப்ட் ஏன் வரவில்லை என்று மேலே காத்துநின்றவர் பிரௌ ஹென்னிங், அதாவது திருமதி ஹென்னிங், ஆஸ்பத்திரியின் போதகர். கதவு திறந்ததும் ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கட்டிலில் கிடந்தவரின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வியாழக்கிழமை உங்களுக்கு ஒரு டெர்மின், சந்திக்க ஒரு நேரம், தருகிறேன், வாருங்கள்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. மாலை வகுப்புகள், கிழமை முடிவு வகுப்புகள், ஆறு கிழமைப் பயிற்சி இரண்டு தடவை, முடிவில் ஒரு சான்றிதழ். திருச்சபை எனக்கு அரைநேர வேலை தந்தது. வேலையின் பெயர் ஸேல்ஸோர்க. ஆத்துமாவைப் பராமரிப்பது என்று அர்த்தம். ஆனால் ஜேர்மன் மொழியில் ஸோர்க என்றால் கவலை என்றும் பொருள் உண்டு. ஆகவே மற்றவர்களின் ஆத்துமாவுக்காகக் கவலைப்படச் சம்பளம் வாங்குகிறவன் ஆனேன். என்னுடைய ஆத்துமா என்ன நிலையில் இருக்கிறது என்று திருச்சபை விசாரிக்கவில்லை.

பிரௌ ஹென்னிங் எனக்கு மேலதிகாரி. என்னைவிட நான்கு வயது இளையவர், இதையும் நான் கணக்கில் வைத்திருந்தேன். அவருக்கு ஒரு முறை இருந்தது. நோயாளியின் கதவுக்கு முன்னால் நின்று கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுவார். இரண்டு தரம் தட்டுவார். உள்ளேயிருந்து சத்தம் வராவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் திறப்பார். கதிரையை இழுக்கமாட்டார், தூக்கி வைப்பார். நோயாளியின் கண்ணைவிடத் தன் கண் தாழ்வாக இருக்கும்படி உட்கார்வார். தன் பையைக் கட்டிலில் வைக்கமாட்டார். எல்லாம் சரியாகிவிடும் என்ற வார்த்தை அவர் வாயில் வராது. கேட்டாலொழிய ஜெபிக்கவும் மாட்டார். ஜெபிக்கச் சொன்னால் உடனே கண்ணை மூடாமல், "கடவுளிடம் நான் என்ன சொல்லவேண்டும்?" என்று கேட்பார். அவர்கள் என்ன சொன்னார்களோ அதையே அவர்களுடைய சொற்களிலேயே கடவுளிடம் சொல்லிவிட்டு ஆமென் போடுவார். ஒரு நிமிடம்கூட ஆகாது.

எனக்கு அது ஜெபமாகவே படவில்லை. எங்கள் ஊர்ப் போதகர் ஜெபித்தால் சிருஷ்டிப்பில் தொடங்கி, எகிப்தைக் கடந்து, சிலுவையில் நின்று, நோயாளியின் கட்டிலுக்கு வந்துசேர ஐந்து நிமிடம் எடுக்கும். நானும் அந்த வழியில் வந்தவன். குரலும் எனக்கு நல்ல குரல். ஜெபிக்கும்போது தாதியர் வாசலில் நின்று கேட்பார்கள். அவர்கள் கேட்கிறார்களா என்று நான் அரைக்கண்ணால் பார்ப்பேன்.

பயிற்சியில் உரையாடல் அறிக்கை என்று ஒன்று எழுதவேண்டும். நோயாளியைப் பார்த்துவிட்டு வந்ததும், அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று வரிக்கு வரி ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுக்கவேண்டும். இடையில் பேசாமல் இருந்த மௌனத்தையும் எழுதவேண்டும். பிரௌ ஹென்னிங் என்னுடைய முதல் அறிக்கையை எடுத்து, நோயாளி பேசிய வரிகளின் கீழே நீல மையாலும் நான் பேசியவற்றின் கீழே பச்சை மையாலும் கோடு போட்டார். தாள் முழுக்கப் பச்சை. நோயாளிக்கு ஏழே வரி. அவர் ஒன்றும் சொல்லாமல் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

எங்கள் பகுதியில் தமிழர்கள் அதிகம். தமிழ்க் குடும்பம் என்றால் நானும் போதகருமாகச் சேர்ந்துதான் போவோம், மொழிக்கு நான். கதவடியில் கடிகாரத்தைக் கழற்றும்போது அவர் என்னிடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "இன்றைக்கு நான் அறிந்திருக்கவேண்டியது ஏதாவது உண்டா?" இடது கையால் எதையும் கொடுக்கவேண்டாம் என்பேன். மாமியாருக்கு முதலில் கைகொடுங்கள் என்பேன். சரி என்று தலையாட்டிவிட்டு அப்படியே செய்வார்.

அப்போதுதான் அவர் தமிழ் பழகத் தொடங்கினார். என்னிடம்தான். மதிய இடைவேளையில் ஒரு சின்னக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கேட்பார். வணக்கம், நோகுதோ, தண்ணி வேணுமோ, நான் இருக்கிறன். ழகரம் வராது, ணகரம் வராது. "நான் இருக்கிறன்" என்பதை ஒவ்வொரு எழுத்தாகக் கடித்துத் துப்புவதுபோல் சொல்வார்.

சனம் உருகிப்போனது.

"என்ன வடிவாத் தமிழ் கதைக்கிறா" என்றார்கள். நான்கு சொல்லுக்கு அந்தப் பாராட்டு. நான் இந்த நாட்டில் முப்பது வருடமாக ஜேர்மன் பேசுகிறேன், வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் வைப்பதற்குள் மூச்சு வாங்கும், ஒருவரும் வடிவு என்று சொன்னதில்லை. தமிழர்களுக்கு ஐந்து நிமிடம் பிசிறில்லாத தமிழில் ஜெபித்திருக்கிறேன். அதை யாரும் வடிவு என்று சொல்லவில்லை, ஏனென்றால் நான் தமிழன், என் வாயில் தமிழ் வருவது ஒரு விசேஷமா? கொஞ்ச நாளில் தொலைபேசியிலும் தொடங்கிவிட்டார்கள்: "அண்ணை, அந்த வெள்ளைக்கார அம்மாவும் வருவாவோ?" எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் நல்லவர் என்பதால் எரிச்சல் இன்னும் கூடியது.

ஒருநாள் அவர், "விடைபெறும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். போகிறேன் என்று நாங்கள் சொல்லமாட்டோம், அது நல்லதல்ல என்று விளக்கினேன். போய்விட்டு வருகிறேன் என்பதை யாழ்ப்பாணத்தில் "போட்டு வாறன்" என்போம். இருக்கிறவர்கள் பதிலுக்கு "போட்டு வாங்கோ" என்பார்கள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "போகும்போதே திரும்பி வருவதைச் சொல்லிவிடுகிறீர்களா?" என்று கேட்டு, கொப்பியில் இரண்டு கோடு போட்டு எழுதிக்கொண்டார்.

செத்தவீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது என்பதை நான் சொல்லவில்லை. அங்கே வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடவேண்டும். அந்த வாசலுக்குத் திரும்பி வருவேன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடும். இது எங்கள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு நான் சொல்லாதது வெறும் மறதி. பிறகு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த பிறகும் சொல்லவில்லை.

அருளானந்தம் அண்ணையின் விஷயத்துக்கு வருகிறேன்.

நகரத்தில் பஸ் ஓட்டியவர். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். வயிற்றில் புற்றுநோய், கண்டுபிடித்தபோதே பிந்திவிட்டது. மனைவி புஷ்பம் அக்கா, ஒரே மகள் நிரோஷா. நிரோஷா இங்கே பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். மூன்று கிழமை நான் ஒவ்வொரு பின்னேரமும் அந்த அறைக்குப் போனேன், தனியாக. போதகரை அழைக்கவில்லை. இந்தக் குடும்பம் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

பயிற்சியில் படித்ததையெல்லாம் அங்கே விட்டுவிட்டேன். என்ன ஜெபிக்கவேண்டும் என்று கேட்காமலே சுகம் கேட்டு ஜெபித்தேன். இனி மருந்தில்லை என்று டாக்டர்மார் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் "இந்தப் படுக்கையிலிருந்து எழுப்பும் ஆண்டவரே" என்று நான் குரலை உயர்த்தும்போது புஷ்பம் அக்காவின் முகம் வெளிக்கும். அந்த வெளிப்பு எனக்காக வந்தது என்று எடுத்துக்கொண்டேன். அருளானந்தம் அண்ணை மட்டும் ஜெபம் நீண்டால் கையை லேசாக உயர்த்தி, "காணும் தம்பி, இருங்கோ" என்பார். நான் இருப்பேன். அவர் தான் ஓட்டிய வழித்தடங்களைப் பற்றிச் சொல்வார், எந்த நிறுத்தத்தில் எந்தக் கிழவி ஏறுவாள், எங்கே பனியில் சில்லு வழுக்கும் என்று. ஜெபம் பிடிக்காததால்தான் நிறுத்துகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் அக்காவையும் மகளையும் இருத்தி, இனி ஒரு நாளோ இரண்டு நாளோ என்று சொல்லிவிட்டார். நான் மத்தியானம் போனபோது அக்கா நடைபாதையில் நின்றார்.

"தம்பி, அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

"நான் இருக்கிறன்தானே அக்கா. நான் ஜெபிக்கிறன்."

"நீங்கள் மூண்டு கிழமையா ஜெபிச்சனீங்கள். குறை சொல்லேல்லை. ஆனா இப்ப வேறை ஜெபம் வேணும். உங்களிட்டை அதைக் கேக்க எனக்கு வாய் வருதில்லை."

எனக்கு அப்போது விளங்கவில்லை. சுகம் கேட்டே பழகியவனிடம் சாவைக் கேட்டு ஜெபி என்று ஒரு மனைவி எப்படிச் சொல்வாள்? விளங்காததால், வெள்ளைக்கார அம்மா வேண்டுமாம் என்ற ஒன்று மட்டுமே என் காதில் விழுந்தது. கீழே போய்ப் போதகரைக் கூட்டி வந்தேன்.

கதவடியில் அவர் கடிகாரத்தைக் கழற்றினார்.

"இன்றைக்கு நான் அறிந்திருக்கவேண்டியது ஏதாவது உண்டா?"

இருந்தது. அது அந்த நேரம் நன்றாக ஞாபகத்தில் நின்றது. அண்ணையின் உயிர் போனபின் போதகர் விடைபெறும்போது போட்டு வாறன் என்று சொல்லப்போகிறார், உள்ளே இருக்கிற சனத்தின் முகம் கறுக்கப்போகிறது, தமிழ் என்றால் நான்கு சொல் அல்ல என்று அப்போது எல்லோருக்கும் தெரியவரும். இது மூன்று நொடிக்குள் என் மனதில் ஓடியது.

"இல்லை," என்றேன்.

அவர் இரண்டு தரம் தட்டினார். கதிரையைத் தூக்கி வைத்தார். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, இடது கையில் ஒரு பொத்தான் இல்லை. குனிந்து, தன் முகத்தை அண்ணையின் முகத்துக்குக் கீழே கொண்டுபோனார். "நான் இருக்கிறன்" என்றார். அண்ணையின் தங்கை கட்டிலின் கால்மாட்டில் நின்றார், அந்தத் தமிழைக் கேட்டதும் விம்மினார். பார், இரண்டு சொல்லுக்கே தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

போதகர் அக்காவிடம் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன்: "கடவுளிடம் என்ன சொல்லவேணுமாம்?"

அக்கா கணவரின் காலைத் தடவிக்கொண்டே, "இனி இவரை வருத்தாதையும், கூட்டிக்கொண்டு போம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ" என்றார்.

போதகர் அதை ஜேர்மனில் கடவுளிடம் சொன்னார். ஒரே வசனம். நான் அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன், தொடங்கினால் நிறுத்த முடியவில்லை. இரக்கத்தின் ஐசுவரியமுள்ள பிதாவே என்றேன், யோர்தானைக் கொண்டுவந்தேன், பொன் வீதிகளைக் கொண்டுவந்தேன்.

"அங்கிள்," என்றாள் நிரோஷா மெதுவாக. "அவ இவ்வளவு சொல்லேல்லை."

நிறுத்தினேன். காது சுட்டது. அதன் பிறகு நான் போதகரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன், அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வலது கையைக் கட்டிலின் விளிம்பில் வைத்திருந்தார். விரலில் ஒரு வெள்ளி மோதிரம். மூச்சை அண்ணையின் மூச்சோடு சேர்த்து இழுத்து விடுவதுபோல இருந்தது. ஒருமுறை எச்சில் விழுங்கினார். எவ்வளவு நேரம் போனது என்று சொல்ல எனக்குத் தெரியாது. பிறகு அவர் தலையை நிமிர்த்தி, வாசலடியில் நின்ற தாதியைப் பார்த்தார். தாதி வந்து கழுத்தில் விரல்வைத்துப் பார்த்துவிட்டு, இங்கே வழக்கம் என்னவோ அப்படியே, போன உயிருக்கு வழியாக யன்னலைத் திறந்துவிட்டாள். வெளியே பட்டப்பகல். கீழே தெருவில் பஸ் ஒன்று நின்று புறப்படும் சத்தம் கேட்டது.

போதகர் எழுந்து அண்ணையின் நெற்றியில் கைவைத்து ஆசீர்வதித்தார். அதற்குப் பிறகுதான் அது நடந்தது. நான் எதிர்பார்த்ததுபோல் எங்களைப் பார்த்துப் போட்டு வாறன் என்று அவர் சொல்லவில்லை. அண்ணையைப் பார்த்து, கொப்பியில் படித்த அதே கடித்த உச்சரிப்பில், "போட்டு வாங்கோ" என்றார்.

அண்ணையின் தங்கை வாயைப் பொத்தினார். நிரோஷா என்னைப் பார்த்தாள். எனக்குள் ஒன்று, இந்தா வந்துவிட்டது என்று குதித்தது. அதைத் துக்கம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

புஷ்பம் அக்கா கணவரின் காலை விட்டுவிட்டு எழுந்து தலைமாட்டுக்கு வந்தார். மூன்று கிழமையாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர். கணவரின் முகத்தைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஓமப்பா. போட்டு வாங்கோ," என்றார். "ஒவ்வொரு நாளும் நீங்கள் பஸ்ஸுக்கு வெளிக்கிடேக்கை சொல்லுறனான். இண்டைக்கு மறந்துபோனன். போட்டு வாங்கோ."

அதற்குப் பிறகு அழுதார். வீட்டில் அழுவதுபோல், தலையில் அடித்து, பெயர் சொல்லி. மைத்துனி அவரைப் பிடித்து, "மச்சாள், அப்பிடிச் சொல்லக்கூடாது, மச்சாள்" என்று சொல்லிப் பார்த்தார்.

"ஏன் சொல்லக்கூடாது?" என்றார் அக்கா அழுகைக்கு நடுவில். "எழும்பி வருவார் எண்டுதானே விசுவாசப்பிரமாணத்திலை சொல்லுறம். பேந்தென்ன?"

உயிர்த்தெழுதலைப் பற்றி எத்தனையோ தடவை நான் ஜெபித்திருக்கிறேன். எங்கள் வீட்டு வாசலில் தினமும் புழங்குகிற சொல்லுக்குள் அது இருப்பதை நான் கண்டதில்லை. ஒரு ஜேர்மன்காரி, நான் சொல்லாமல் விட்ட பாதியின் காரணமாக, அதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். நான் வெட்டிய குழிக்குள் அவர் விழவில்லை. பொறாமை அன்று இரண்டு மடங்காகியது. நடைபாதையில் அந்தத் தாதி என்னை நிறுத்தி, "போதகர் சொன்ன அந்த வார்த்தை என்ன? எவ்வளவு அழகான வழக்கம்" என்று கேட்டாள். எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தேன். வழக்கமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அந்த நீலக் கோப்பின் வரி அப்படி வந்தது.

முப்பத்தோராம் நாள் ஜெபத்துக்கு அக்கா தொலைபேசி எடுத்தார்.

"அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ தம்பி. அவ ஜெபிக்கட்டும். நீங்கள் மொழிபெயர்த்தாக் காணும்."

நான் மொழிபெயர்த்தால் போதுமாம். என் சொந்தச் சனத்தின் வீட்டில், என் சொந்தப் பாஷையில், இன்னொருத்தியின் வாயாக இருக்கவேண்டும். போகாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காய்ச்சல் என்று சொல்லலாம். மனைவிதான் சட்டையை அழுத்தி மாட்டிவைத்து, "உங்களுக்குக் காய்ச்சல் எண்டா அது உள்ளுக்குத்தான்" என்றாள். இருபத்தெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள், அவளுக்குத் தெரியாததா?

வீட்டில் இருபது பேர்வரை இருந்தார்கள். தளபாடங்களைச் சுவரோடு ஒதுக்கி நிலத்தில் விரிப்புப் போட்டிருந்தது. அண்ணையின் படத்துக்குப் பக்கத்தில் மெழுகுதிரி. குசினியில் மட்டன் ரோல்ஸ் பொரிகிற மணம். போதகர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்திலேயே உட்கார்ந்தார், அதற்கும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, நிலத்திலை இருக்கிறா பாருங்கோ என்று. நாங்கள் எல்லோரும் நிலத்தில்தான் இருந்தோம்.

அவர் சுருக்கமாகப் பேசினார். நான் சுருக்கமாக மொழிபெயர்த்தேன், நிரோஷா எதிரில் இருந்தபடியால் ஒரு சொல் கூடவில்லை. அருளானந்தம் அண்ணையைத் தனக்கு ஒரு மத்தியானம்தான் தெரியும் என்றார். அந்த மத்தியானம் தான் கடைசியாகச் சொன்ன தமிழ் வார்த்தையை இந்தக் குடும்பம் ஏற்றுக்கொண்டதற்கு நன்றி என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்த வார்த்தையை எனக்குத் தந்தவர் இவர். எனக்குத் தெரியாதவை எல்லாவற்றையும் கதவடியில் எனக்குச் சொல்லித் தருகிறவர். இவர் இல்லாவிட்டால் நான் உங்கள் வீடுகளில் ஊமை."

மொழிபெயர்க்கவேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் நான் ஏங்கிய பாராட்டு, இருபது தமிழருக்கு முன்னால், அதை நானே என் வாயால் சொல்லவேண்டும். சொல்லியிருக்கலாம். முதல் சொல் தொண்டைவரை வந்தது.

"அங்கிள், சொல்லுங்கோ," என்றாள் நிரோஷா.

"பாஸ்டர் சொல்லுறா, அந்தச் சொல்லை நான்தான் சொல்லிக் குடுத்தனான் எண்டு," என்றேன். "அது மெய். ஆனா செத்தவீட்டிலை சொல்லக்கூடாது எண்டதை நான் சொல்லிக் குடுக்கேல்லை. கதவடியிலை அவ கேட்டவ. நான் இல்லை எண்டு சொன்னனான். அவ உங்களுக்கு முன்னாலை வெக்கப்படவேணும் எண்டு நினைச்சனான். பொறாமை."

யாரோ கோப்பையைத் தட்டில் வைத்தார்கள். நிரோஷா போதகரின் பக்கம் சாய்ந்து, நான் சொன்னதை ஒன்றும் குறைக்காமல் ஜேர்மனில் சொன்னாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இதை எனக்கு நீங்கள் அங்கேயே சொல்லியிருக்கலாம்," என்றார் போதகர். குரல் உயரவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது. அந்த முகச்சிவப்பைத்தான் நான் விரும்பினேன், இப்போது பார்க்க முடியவில்லை.

புஷ்பம் அக்கா என்னை ஏசுவார், அல்லது பரவாயில்லை தம்பி என்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கண் துடைத்த லேஞ்சியை நாலாக மடித்தார், திரும்ப விரித்தார்.

"அப்ப, தம்பி, அவர் போன நேரம் நீங்கள் ஆரைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

"பாஸ்டரை," என்றேன்.

"முழுநேரமும்?"

"ஓம் அக்கா."

அக்கா தலையை ஆட்டினார். கோபமில்லை. ஏதோ ஒன்று இப்போதுதான் சரிவந்ததுபோல் ஆட்டினார்.

"அம்மா ஜெபிச்சு முடிய அவர் ஒருக்காக் கண்ணைத் திறந்தவர். நான் என்னைத்தான் தேடுறார் எண்டு குனிஞ்சன். என்னையில்லை. பிள்ளையையுமில்லை. உங்களைத்தான் பாத்தவர். கையையும் கொஞ்சம் தூக்கினவர், இருங்கோ எண்டு சொல்லுறவரே, அப்பிடி. நீங்கள் பாக்கேல்லை. பேந்து மூடிப்போட்டார்."

போதகர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார் என்று நிரோஷாவிடம் கேட்டார்.

நிரோஷா அதை மொழிபெயர்க்கவில்லை.